சட்டமும் சாம்ராஜ்யமும்

கேள்வி: சட்டம் வகுத்தவர், சாம்ராஜ்யம் நிறுவியவர் ஆகிய இருவருள் எவருடைய கீர்த்தி நிலைபெறுகிறது?

பதில்: இரு பணிகளையும் ஒருங்கே மேற்கொண்ட ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் சரித்திரமே இதற்கு விடை. கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து அரசாண்ட அவர், பெலிசாரியஸ் முதலிய சேனாதிபதிகளைக் கொண்டு வட ஆப்பிரிக்காவையும், ஏறக்குறைய 20 வருஷ யுத்தத்தில் பாழ்பட்ட இத்தாலியையும் வென்றார். ஆயினும், அவர் காலமான மூன்றே ஆண்டுகளில், 568-ல், லாம்பார்டியர் புகுந்து இத்தாலியின் பெரும்பகுதியைக் கவரத் தொடங்கினர். டிரிபோனியன் தலைமையில் நியாய சாஸ்திர பண்டிதர்கள், முந்தைய ரோமானிய நிபுணர்களின் அபிப்பிராயங்களையெல்லாம் ஆராய்ந்து 533-ல் வெளியிட்ட 'டைஜெஸ்ட்' என்னும் தொகுப்போ, 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி பொலோனாவில் மீண்டும் பயிலப்பெற்று, ஐரோப்பிய தேசங்கள் பலவற்றின் சிவில் சட்டத்துக்கு ஆதாரமாயிற்று. வரியாலும் போராலும் குடிகளை வருத்தியவர் அவர் என்பதை நான் மறக்கவில்லை. எனினும், சட்டம் தந்த ஜஸ்டினியனே நிலைத்தார் என்பது என் தீர்ப்பு.