பால் பல்லின் வேர் எங்கே போயிற்று?

தங்கையின் விழுந்த பால் பல்லைக் கூரைமேல் எறியுமுன் சற்றே திருப்பிப் பாருங்கள். அடியில் வேர் இராது. அது ஈறுக்குள் முறிந்து தங்கிவிடவில்லை. கீழிருந்து நிலைப்பல் முளைத்து வருகையில், சில உயிரணுக்கள் அமிலம் சுரந்து அவ்வேரைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிட்டன. இதற்கு மீளுறிஞ்சல் என்று பெயர்.

நம் எலும்புகளிலும் இவ்வேலை ஓய்வதில்லை. ஆஸ்டியோகிளாஸ்ட் அணுக்கள் பழைய எலும்பைக் கரைக்க, ஆஸ்டியோபிளாஸ்ட் அணுக்கள் புதியதைக் கட்டும். எலும்பு கல்லன்று, உயிருள்ளது. ஆகவே அது சாகவும் கூடும்.

19ஆம் நூற்றாண்டில் இலண்டன் தீப்பெட்டி ஆலைகளில் வெண்பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்த பெண்கள் பலருக்கு முதலில் பல்வலி கண்டது. பின்னர் தாடை எலும்பு செத்துச் சீழ் வடிந்தது. அதை அறுத்தெடுப்பதே வைத்தியமாயிற்று; முகமே உருக்குலைந்தது. 1888இல் அங்குப் பெண்கள் செய்த வேலைநிறுத்தம் இக்கொடுமையை ஊரறியச் செய்தது. 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் சில வெண்பாஸ்பரஸ் தீக்குச்சியை விலக்க உடன்பட்டன. இந்தியாவில் 1913இல் தடைச் சட்டம் வந்தது.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் பயின்று வந்து, 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். சட்டம் பத்தாண்டு முந்திக்கொண்டது! பெட்டியின் பக்கத்தில் பூசுவது செம்பாஸ்பரஸ். அது தாடையை அரிப்பதில்லை. வெடி விபத்தும் தீக்காயமும் வேறு கதை.

தாடை நோயின் சாயல் ஒன்று 2003 முதல் மருத்துவர் கண்ணில் பட்டது. எலும்பு மெலிவுக்குத் தரும் சில மருந்துகள் கரைக்கும் அணுக்களை அடக்குவன. அரிதாக, பல் பிடுங்கிய புண் ஆறாமல் தாடை எலும்பு செத்துப்போகிறது. பாட்டி அம்மாத்திரை உண்பவரானால், பல் பிடுங்குமுன் பல் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.