காற்றுக்கும் கணக்கு எழுது

அன்புள்ள கயல்விழிக்கு,

தனியாகப் பறக்கப்போகும் முதல் கிராஸ்-கன்ட்ரி பயணம் சேலத்திலிருந்து கோவைக்கு என்று எழுதியிருந்தாய். அதுவும் ஜூலையில்! பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று பாய்ந்து வரும் மாதம் அது. பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். "டேப்லட்டே எல்லாவற்றையும் காட்டுகிறது, பென்சிலும் ஸ்கேலும் எதற்கு?" என்று கேட்டிருக்கிறாய். உன் பயணத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்று நினைத்துக்கொண்டால் கணக்கு குழம்பிவிடும். பறக்கும் விமானம் முழுக்கக் காற்றுக்குள் இருக்கிறது. அந்தக் காற்று மொத்தமாக நகரும்போது விமானமும் சேர்ந்தே நகர்கிறது. அதனால் இருக்கையில் உனக்கு ஒன்றும் தெரியாது. மூக்கு பார்க்கும் திசை ஹெடிங்; தரைமேல் நீ உண்மையில் போகும் வழி டிராக். இந்த இரண்டும் விலகும் கோணமே டிரிஃப்ட்.

இனி எண்கள். சேலம் விமான நிலையத்திலிருந்து கோவைக்கு டிராக் 233 டிகிரி, தூரம் ஏறத்தாழ 75 கடல் மைல். உன் செஸ்னா 152-க்கு ட்ரூ ஏர்ஸ்பீட், அதாவது காற்றுக்குள் அதன் வேகம், 90 நாட் என்று வைத்துக்கொள். நீ பறக்கும் உயரத்தில் காற்று 260 டிகிரியிலிருந்து 18 நாட். காற்றின் திசை என்றால் அது வரும் திசை, போகும் திசை அல்ல. தரைக்காற்றை வைத்துக் கணக்குப் போடாதே. மேலே போகப்போக வேகம் கூடும், திசையும் திரும்பும். இன்னொன்று: வானிலை அறிக்கையில் எழுத்தில் வரும் காற்று உண்மை வடக்கை வைத்துச் சொல்வது, இறங்கும்போது டவர் வாயால் சொல்லும் காற்று காந்த வடக்கை வைத்தது.

மனக்கணக்கு இப்படி. காற்றின் வேகத்தை 60-ஆல் பெருக்கி, ஏர்ஸ்பீடால் வகு: 18 × 60 ÷ 90 = 12. காற்று நேர் குறுக்கே அடித்தால் வரக்கூடிய அதிகபட்ச டிரிஃப்ட் 12 டிகிரி. உனக்கு அது நேர் குறுக்காக இல்லை. டிராக்கிலிருந்து 27 டிகிரி விலகி, வலது முன்புறமிருந்து வருகிறது. அதைத் தோராயமாக 30 என்று கொள். இங்கே கடிகார முகம் கைகொடுக்கும்: 15 நிமிடம் கால், 30 அரை, 45 முக்கால், 60 முழுசு. கோணம் 30 என்றால் 12-இல் பாதி, 6 டிகிரி. காற்று வரும் பக்கமே மூக்கைத் திருப்ப வேண்டும். 233-உடன் 6 கூட்டினால் 239. கடைசியாகக் காந்த வேறுபாடு, அதாவது உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையிலான கோணம். நம் பக்கம் அது மேற்கில் ஓரிரு டிகிரிதான். சிறிய எண் என்பதாலேயே எளிதில் விட்டுப்போகும். சார்ட்டில் பார்த்துக் கூட்டிக்கொள்.

வேகத்துக்கும் இதே கடிகாரம். 90 டிகிரியிலிருந்து அந்த 30-ஐக் கழித்தால் 60, அதாவது முழுசு. எனவே 18 நாட்டையும் எதிர்க்காற்றாகவே எடுத்துக்கொள். தரைமேல் உன் வேகம், அதாவது கிரவுண்ட் ஸ்பீட், 72. ஃப்ளைட் கம்ப்யூட்டர் தட்டைச் சுழற்றினால் 74-ஐ ஒட்டி வரும். மனக்கணக்கு கொஞ்சம் குறைத்துச் சொல்கிறது. எரிபொருள் விஷயத்தில் அந்தப் பக்கம் தவறுவதே நல்லது.

காற்றே இல்லாவிட்டால் 50 நிமிடத்தில் போய்விடுவாய். இப்போது 62 ஆகும். காற்றைக் கணக்கில் எழுதாமல் கிளம்பினால் அந்த 12 நிமிடமும் உன் 30 நிமிடக் கையிருப்பு எரிபொருளிலிருந்துதான் போகும். "திரும்பும்போது பின்காற்றில் ஈடாகிவிடும்" என்பார்கள், நம்பாதே. திரும்ப வரக் கிட்டத்தட்ட 43 நிமிடம். மிச்சம் 7 தான். எதிர்க்காற்றில்தான் நீ அதிக நேரம் இருக்கிறாய் என்பதால் போய்வரும் பயணத்தில் காற்று எப்போதும் நஷ்டமே.

திசைத் திருத்தத்தை விட்டுவிட்டால்? அறுபதுக்கு ஒன்று என்ற விதியை மனப்பாடம் செய்துகொள்: 60 மைலில் ஒரு டிகிரி பிசகு ஒரு மைல் விலகல். 6 டிகிரி பிசகோடு 75 மைல் போனால் ஏழரை மைல் இடப்புறம் தள்ளிப்போவாய். அந்தப் பக்கம் இருப்பது சூலூர் விமானப்படைத் தளம். அனுமதி இல்லாமல் அந்த வான்வெளிக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று உன் பயிற்சியாளரைக் கேள்.

எழுதிய இத்தனையும் வெறும் ஊகம்தான் என்பதை மறக்காதே. முன்னறிவிப்பில் 18 நாட் என்றால் மேலே 25 இருக்கலாம். அதனால் பாதி வழிக்குள் ஒரு சோதனை வேண்டும். காவிரியும் பவானியும் கலக்கும் கூடுதுறை, சேலத்திலிருந்து 30 மைலில், உன் பாதைக்கு இடப்புறம் ஏறத்தாழ 3 மைல் தள்ளி இருக்கிறது. 25-ஆவது நிமிடத்தில் அது இடப்பக்கம் தெரிந்தால் திட்டம் சரி. நேர் கீழே வந்தால் நீ 3 மைல் இடப்புறம் விலகிவிட்டாய்: 3 ÷ 30 × 60, அதாவது 6 டிகிரி பிசகு. மீதி 45 மைலில் கோவையைப் பிடிக்க 3 ÷ 45 × 60, இன்னும் 4. மொத்தம் 10 டிகிரி வலப்புறம் திருப்பு. நேரம் தாமதித்திருந்தால் எதிர்க்காற்று கூடியிருக்கிறது; வந்துசேரும் நேரத்தையும் எரிபொருளையும் அங்கேயே மறுபடி போடு.

பிசகையே திட்டத்தில் சேர்த்துக்கொண்டவரும் உண்டு. 1931-இல் பிரான்சிஸ் சிச்செஸ்டர் என்ற விமானி ஒரு சின்ன ஜிப்சி மாத் விமானத்தில் டாஸ்மன் கடலைத் தனியாகக் கடந்தார். வழியில் நார்ஃபோக் என்ற குட்டித்தீவைக் கண்டுபிடித்தாக வேண்டும். நேரே குறிவைத்துத் தவறினால் தீவு எந்தப் பக்கம் என்றே தெரியாது. எனவே வேண்டுமென்றே ஒரு பக்கம் விலகிக் குறிவைத்தார். சூரியனை அளந்து, தீவின் வழியே போகும் கோட்டை எட்டியதும் எந்தப் பக்கம் திரும்புவது என்ற சந்தேகமே இல்லை. தன் கணக்கு எவ்வளவு பிசகும் என்பதையும் அவர் கணக்கில் சேர்த்திருந்தார்.

டேப்லட் இப்போது எங்கே இருக்கிறாய் என்று சொல்லும். ஆனால் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பது உன் நாவ் லாக் தாளில் எழுதியிருந்தால்தான், மேலே காற்று மாறியது உனக்குப் புரியும். திரையைத் தாராளமாக வைத்துக்கொள். ஆனால் தாளில் ஹெடிங், நேரம், எரிபொருள் மூன்றையும் உன் கையால் எழுதாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதே.

அன்புடன்,
பெரியப்பா