பெட்ரூம்ல பாஸ் வரலையா, தம்பி?

ஹால்ல கும்முனு கேட்கிற பாட்டு பெட்ரூம்ல தகர டப்பா மாதிரி கேட்குதுன்னு புலம்புறே. அதுக்காகப் பாஸ் குமிழைக் கடைசி வரைக்கும் திருகாதேடா. சின்ன ஸ்பீக்கரோட கோன் ஓரளவுக்கு மேல அசையாது. கரகரப்புதான் மிச்சம்.

முதல்ல ஒயரைப் பாரு. ஹால்ல இருக்கிற ஆம்ப்ல இருந்து கதவு இடுக்கு வழியா இழுத்து, நடுவுல ஒட்டுப் போட்டிருப்பே. ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் பிளஸ், மைனஸ் மாறிட்டா ஒரு கோன் முன்னால வர்றப்ப இன்னொண்ணு பின்னால போகும். ஒண்ணோட பாஸை இன்னொண்ணு தின்னுடும். ஆம்பை அணைச்சுட்டு, ஒரே ஒரு ஸ்பீக்கர்ல ஒயரை மாத்திப் போட்டுக் கேளு. எப்போ கனமா வருதோ, அதுதான் சரி.

அடுத்தது இடம். பாதி வம்பு இங்கதான். 10 அடி அறையில 55, 60 ஹெர்ட்ஸ் வாக்குல வர்ற ஒலி எதிரெதிர் சுவர்ல மோதித் திரும்பும். சுவரோரம் பலமா இருக்கும், நட்டநடுவுல கிட்டத்தட்டக் காணாமப் போயிடும். கட்டிலை நடுவுல போட்டுக்கிட்டு ஸ்பீக்கரைத் திட்டினா எப்படி? பாட்டைப் போட்டுட்டு அறைக்குள்ள மெதுவா நடந்து பாரு, உனக்கே தெரியும். நம்ம ஊர்ச் செங்கல் சுவர் பாஸை அதிகமா வெளியே விடாது, உள்ளேயே திருப்பி அடிக்கும். அதனால இந்த மேடு பள்ளம் நல்லாவே தெரியும். தலைமாட்டைச் சுவர்ப் பக்கம் நகர்த்து.

ஸ்பீக்கரையும் மூலைப் பக்கம் தள்ளத் தள்ளப் பாஸ் ஏறும். ஆண்குரல் அடைச்சாப்ல கேட்டா அரையடி வெளியே இழு. பெட்டிக்குப் பின்னால ஓட்டை இருந்தா சுவரோட அப்பாதே. பீரோ மேல வைக்கவே வேண்டாம், பாட்டோட சேர்ந்து பீரோ கதவும் பாடும்.

இவ்வளவு செஞ்சாலும் 4 இஞ்ச் வூஃபர்ல 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிசா எதிர்பார்க்காதே. ஹால்ல கனமா கேட்கிறதுக்கு அங்க இருக்கிற சப்வூஃபர்தான் காரணம். பல ரிசீவர் ஆம்ப்கள்ல ரெண்டாவது அறைக்கு அந்த வசதி கிடையாது. காசு இருந்தா, ஸ்பீக்கர் ஒயரையே நேராச் சொருகுற மாதிரி ஒரு சின்ன சப்வூஃபர் வாங்கு. அதை முதல்ல நீ படுக்கிற இடத்துல வெச்சு ஓடவிடு. நீ சுவரோரமா தவழ்ந்து போய்க் கேளு. எங்க பாஸ் தெளிவா கேட்குதோ அங்கயே அதை வெச்சுடு. அம்மா சிரிப்பாங்க, பரவாயில்லை. அதுல இருக்கிற கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ்ல வை. ஃபேஸ் சுவிட்சை ரெண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, கனமா கேட்கிற பக்கம் விட்டுடு.

ராத்திரி சத்தத்தைக் குறைச்சா பாஸ்தான் முதல்ல மறையும். அது ஸ்பீக்கரோட குத்தம் இல்லை, நம்ம காது அப்படி. ஃபிளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லயே அளந்து காட்டிட்டாங்க. அதுக்குத்தான் ஆம்ப்ல ‘லவுட்னஸ்’ பட்டன் இருக்கு, அமுக்கிக்கோ. பகல்ல சத்தத்தைக் கூட்டுறப்ப அதை எடுத்துவிட மறந்துடாதே.