கறிக்குப் போகும் மாட்டுக்குப் பாட்டன் பெயர் எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் இறைச்சி மாடுகளுக்கும் வம்சாவளிப் பதிவேடு வைக்கிறார்களாமே, வெட்டப்போகும் மாட்டுக்கு அது எதற்கு? (வாசகர், பல்லடம்)

பதில்: வெட்டப்போகும் மாடுகளில் பெரும்பாலானவை பதிவேட்டில் இல்லை. அவற்றைப் பெற்றுத் தரும் பொலிகாளைகளுக்கும் தாய்ப்பசுக்களுக்கும்தான் பதிவு. இந்த வழக்கம் புதிதல்ல; பிரிட்டனில் 1822லேயே ஷார்ட்ஹார்ன் இன மாடுகளுக்குப் பதிவேடு அச்சாகிவிட்டது.

இத்தகைய பதிவேட்டின் அருமையை 2008இல் அமெரிக்காவில் ஆங்கஸ் இன மாடு வளர்ப்போர் நேரில் கண்டார்கள். முதுகு வளைந்து, மூட்டுகள் விறைத்து, இறந்தே பிறந்த கன்றுகள். தாயும் தந்தையும் பார்வைக்குக் குறையற்றவை. நோயா, தீவனமா என்று குழம்பியிருக்கலாம். ஆனால் அக்கன்றுகளின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பார்த்தபோது, தாய்வழியிலும் தந்தைவழியிலும் 'பிரிசிஷன் 1680' என்ற காளையே வந்து நின்றது! உறைவிந்து வழியாகப் பல பண்ணைகளுக்குப் பரவிய, எல்லோரும் விரும்பிய காளை அது. குறை ஒளிந்திருக்கும் மரபணு இரு பக்கமிருந்தும் சேர்ந்தால்தான் கன்று பாதிக்கப்படும். அம்மரபணுவை இரண்டுமே சுமக்கும் ஜோடிக்கு நாலில் ஒரு கன்று அவ்வாறு பிறக்க வாய்ப்புண்டு. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் பீவர் சில மாதங்களிலேயே மரபணுச் சோதனையை உருவாக்கினார். அந்தக் காளையின் வம்சம் முழுவதையும் கழிக்க வேண்டியிருக்கவில்லை. குறையைச் சுமக்காத மாடுகளை நம்பி வைத்துக்கொள்ள முடிந்தது.

பதிவோடு கன்றின் பிறப்பு எடை, பால் மறக்கும்போது எடை எல்லாம் சேரும். முதல் ஈற்றுக் கிடாரிக்கு எந்தக் காளையைச் சேர்த்தால் சுகமாகக் கன்று ஈனும் என்று முன்கூட்டியே கணிக்க உதவுவது இந்தக் கணக்குதான்.