நிலக்கீழ்த்தளத்தில் வெள்ளம்: நீர் எந்த வழியாக வருகிறது?

2024 ஆம் ஆண்டு யூலை 16 ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் மழை பதிவாகியது. அதன் பெரும்பகுதி சில மணித்தியாலங்களுக்குள் கொட்டியது. 2013 ஆம் ஆண்டு யூலை 8 ஆம் திகதி மாலையில் அதே நிலையத்தில் 126 மில்லிமீற்றர் பெய்தது. அதற்கு முன்னர், 2005 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19 ஆம் திகதி, பிளாக் கிறீக் ஓடையைக் கடக்கும் இடத்தில் பிஞ்ச் அவெனியூ வீதியே அரித்துச் செல்லப்பட்டது. ரொறன்ரோவில் பெருமழை என்பது நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் விருந்தாளி அல்ல என்பதை இந்த மூன்று நாள்களும் உணர்த்துகின்றன.

அத்தகைய நாள்களில் தொலைக்காட்சி காட்டுவது மூழ்கிய நெடுஞ்சாலைகளை. ஆயினும் குடும்பங்களின் இழப்பு பெரும்பாலும் வீட்டின் நிலக்கீழ்த்தளத்திலேயே, அதாவது வழக்கில் ‘பேஸ்மென்ட்’ எனப்படும் பகுதியிலேயே நிகழ்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அது பழைய பொருள்களைப் போட்டுவைக்கும் இடமன்று. மாடிப்படி ஏற இயலாத பெற்றோர் உறங்கும் அறை அங்கே இருக்கும்; புதிதாக நாட்டுக்கு வந்த ஒரு குடும்பமோ, கல்லூரி மாணவர் இருவரோ வாடகைக்குக் குடியிருப்பர். நீர் புகுந்தால் நனைவது கம்பளம் மட்டுமன்று.

நீரைத் தடுக்க முனையும் பலரும் முதலில் சுவர் வெடிப்புகளை அடைக்கின்றனர். அது சில வீடுகளுக்குச் சரியான மருந்து. பல வீடுகளுக்குத் தவறானது. நிலக்கீழ்த்தளத்துக்குள் நீர் வருவதற்கு மூன்று வழிகள் உள்ளன: தரையின் மேற்பரப்பிலிருந்து, மண்ணுக்குள்ளிருந்து, கழிவுநீர்க் குழாயிலிருந்து. இம்மூன்றுக்கும் பரிகாரம் வேறு, காப்புறுதியும் வேறு. எனவே எந்த வழி என்று அறிவதே முதல் வேலை.

மேற்பரப்பு நீர்

கூரையில் விழும் மழை பீலிகளில் சேர்ந்து இறக்கு குழாய்களின் வழியே கீழே வருகிறது. அக்குழாய் சுவரோரத்திலேயே நீரைக் கொட்டினால், அந்த நீர் அத்திவாரத்தை நோக்கியே இறங்கும். குழாயின் நுனி சுவரிலிருந்து ஏறத்தாழ இரண்டு மீற்றர் தள்ளி, புல்தரையிலோ பூம்பாத்தியிலோ திறக்க வேண்டும். அயல்வீட்டுக் காணியை நோக்கித் திருப்பலாகாது. இறக்கு குழாயை நிலத்தடிக் கழிவுநீர்க் குழாயுடன் இணைத்து வைத்திருப்பது இந்நகரில் தடைசெய்யப்பட்டுள்ளது. முதலில் பழைய நகரப் பகுதிகளுக்கு வந்த இவ்விதி, 2016 ஆம் ஆண்டு டிசெம்பர் முதல் நகர் முழுவதற்கும் பொருந்துகிறது.

வீட்டைச் சுற்றியுள்ள மண் சுவரிலிருந்து வெளிப்புறமாகச் சரிந்திருக்க வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல மண் இறுகிச் சுவரோரம் பள்ளமாகிவிடும். சில மூடை மண்ணும் ஒரு சனிக்கிழமையும் இருந்தால் அதைச் சீர்செய்துவிடலாம். நிலக்கீழ் யன்னலைச் சுற்றிய குழியின் விளிம்பு தரைமட்டத்துக்கு மேலே 10 முதல் 15 சென்ரிமீற்றர் உயர்ந்திருப்பது நல்லது. முன்முற்றம் முழுவதையும் வாகனத் தரிப்புக்காகச் சீமெந்திட்டவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: முன்பு மண் குடித்த நீருக்கு இப்போது போக்கிடம் எது?

மண்ணுக்குள்ளிருந்து வரும் நீர்

அத்திவாரத்தின் அடியைச் சுற்றித் துளையுள்ள வடிகுழாய் ஒன்று புதைக்கப்பட்டிருக்கும். பிளம்பர்கள் இதை ‘வீப்பிங் டைல்’ என்பர். பழைய வீடுகளில் அது மண்ணாலும் வேராலும் அடைபட்டிருக்கக்கூடும். அவ்வாறாயின் மழை ஓய்ந்து பல மணித்தியாலங்கள் கழிந்த பின்பும் சுவரும் தரையும் சேரும் மூலையில் ஈரம் ஊறிக்கொண்டிருக்கும். மார்ச், ஏப்பிரல் மாதங்களில் பனி உருகும்போதும் இதே அறிகுறி தோன்றும். இதற்குரிய கருவி ‘சம்ப் பம்ப்’: தரைக்குக் கீழுள்ள குழியில் சேரும் நீரை வெளியே இறைப்பது. மின்சாரம் தடைப்படும் புயல்நேரத்திலேயே அது தேவைப்படும் என்பதால், மின்கல மாற்றுவசதி இல்லாத பம்பை முழுமையாக நம்ப இயலாது. ஆண்டில் இரண்டு முறையேனும் ஒரு வாளி நீரைக் குழிக்குள் ஊற்றி, மிதவை எழுந்து பம்ப் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

கழிவுநீர்க் குழாயிலிருந்து மேலெழும் நீர்

மூன்றாவது வழியே மிகவும் அருவருப்பானது. குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. வீட்டின் கழிவுநீர் சரிவின் உதவியால் வீதியிலுள்ள பெருங்குழாய்க்குச் செல்கிறது. பெருமழையில் அக்குழாய் நிறைந்து உள்ளே நீர்மட்டம் உயர்ந்தால், நீர் வந்த வழியே திரும்பும். வீட்டில் மிகத் தாழ்ந்த திறப்பு எதுவோ, அதன் வழியாக மேலெழும். அது நிலக்கீழ்த்தளத் தரையிலுள்ள வடிகால் வாயாக இருக்கலாம்; அங்குள்ள குளியலறையாகவோ மலசலகூடமாகவோ இருக்கலாம். சுவர் எவ்வளவு உறுதியாக இருப்பினும் பயனில்லை.

பழைய ரொறன்ரோவின் பல பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பின்னர் வளர்ந்த ஸ்காபரோ போன்ற பகுதிகளில் குழாய்கள் தனித்தனியே இடப்பட்டன. எனினும் ‘எங்கள் வீதியில் தனிக்குழாய்’ என்று நிம்மதி அடைவதற்கில்லை. வெடிப்புகளின் வழியாகவும் பழைய வீடுகளின் வடிகுழாய் இணைப்புகளின் வழியாகவும் மழைநீர் கழிவுநீர்க் குழாய்க்குள் நுழையவே செய்கிறது.

இதைத் தடுப்பது ‘பாக்வாட்டர் வால்வ்’ என்னும் ஒருவழித் தடுப்பிதழ். நீர் வெளியேறும்போது திறந்திருக்கும். திரும்பி வந்தால் மூடிக்கொள்ளும். ஆனால் அது மூடியிருக்கும் வேளையில் வீட்டின் நீரும் வெளியேற முடியாது. வெளியே மழை கொட்டும்போது மேல்மாடியில் ஒருவர் குளித்தாலோ, துணிதுவைக்கும் இயந்திரம் ஓடினாலோ, அந்த நீர் நிலக்கீழ்த்தளத்திலேயே வந்து நிற்கும். வால்வ் பொருத்திய பின்னரும் வீடு தன் சொந்த நீராலேயே நனைவது இவ்வாறுதான். அத்திவார வடிகுழாய் இன்னும் கழிவுநீர்க் குழாயுடன் இணைந்திருந்தால் அதே ஆபத்து இருமடங்காகும். ஆகையால் வால்வ் பொருத்தும்போதே அந்த இணைப்பைத் துண்டித்து, சம்ப் பம்பும் வைக்க வேண்டுமா என்று பிளம்பரிடம் கேட்க வேண்டும். வால்வை ஆண்டுக்கு ஒருமுறையேனும் திறந்து துப்புரவாக்க வேண்டும். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றும் வழக்கம் இங்கே நேரடியாகப் பழிவாங்கும்: குளிர்ந்து கட்டியான கொழுப்பு இதழில் படிந்தால் அது முழுமையாக மூடாது.

நீர் புகுந்துவிட்டால்

உறங்குவோரை முதலில் மேலே கொண்டுவர வேண்டும். நீர் மின்செருகிகளையோ மின்பெட்டியையோ எட்டியிருந்தால் எவரும் உள்ளே இறங்கலாகாது. நீரில் நின்றுகொண்டு மின்பெட்டியைத் தொடவும் கூடாது. மின்விநியோக நிறுவனத்தை அழைத்து வெளியிலிருந்தே துண்டிக்கச் செய்ய வேண்டும். அடுத்து 311 என்ற எண்ணில் மாநகரசபைக்கு அறிவிக்க வேண்டும். தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். பொருள்களை வீசுவதற்கு முன் ஒளிப்படம் எடுத்து, கம்பளத்தில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்வது காப்புறுதிக் கோரிக்கைக்கு உதவும். ஈரமானவற்றை 24 முதல் 48 மணித்தியாலங்களுக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கழிவுநீர் தொட்ட மெத்தையையும் உணவையும் காப்பாற்ற முயல வேண்டாம்.

இழப்பை யார் ஏற்பது?

சாதாரண வீட்டுக் காப்புறுதி, கழிவுநீர் மேலெழுவதையோ மேற்பரப்பு வெள்ளத்தையோ தானாக உள்ளடக்குவதில்லை. இரண்டும் தனித்தனியாகச் சேர்க்கப்பட வேண்டிய பிரிவுகள். மேற்பரப்பு வெள்ளத்துக்கான காப்பு கனடாவில் 2015 ஆம் ஆண்டிலிருந்தே வீட்டுரிமையாளர்களுக்குக் கிடைக்கத் தொடங்கியது. ஒப்பந்தத்தில் இவ்விரு பிரிவுகளும் உள்ளனவா, அவற்றின் உச்சத்தொகை எவ்வளவு என்பதை மழைக்காலத்துக்கு முன்னரே முகவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். நிலக்கீழ்த்தளம் வாடகைக்கு விடப்பட்டிருப்பதைக் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் விடுவது, கோரிக்கையே மறுக்கப்படுவதற்குக் காரணமாகலாம். மாதாந்தம் சிறிது பணம் மிஞ்சுகிறது என்று சிலர் செய்யும் இம்மறைப்பு மிக விலையுயர்ந்த சிக்கனம்.

வாடகைக்கு இருப்போரின் உடைமைகளுக்கு உரிமையாளரின் காப்புறுதி பொருந்தாது. அவர்கள் தமக்கென வாடகையாளர் காப்புறுதி பெற வேண்டும். ஆனால் குடியிருப்பைச் சீரான நிலையில் பேணும் கடமை உரிமையாளருடையது. ஒன்ராறியோவின் 2006 ஆம் ஆண்டு குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் 20 ஆம் பிரிவு, குறைபாடு இருப்பதை அறிந்தே ஒருவர் குடிவந்திருந்தாலும் அக்கடமை நீங்காது என்கிறது. ‘ஈரம் வரும் என்று சொல்லித்தானே தந்தேன்’ என்ற மறுமொழி அங்கே எடுபடாது. பேணாத உரிமையாளருக்கு எதிராக ஓராண்டுக்குள் உரிமையாளர், வாடகையாளர் நடுவர்சபையில் விண்ணப்பிக்கலாம். தாமாகவே வாடகையை நிறுத்துவது வெளியேற்றத்துக்கு வழிவகுக்கும். உரிமையாளருடன் சமையலறையையோ குளியலறையையோ கட்டாயமாகப் பகிர்ந்து வாழ்பவருக்கு இச்சட்டம் பொதுவாகப் பொருந்தாது என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

மாநகரசபையின் குழாயிலிருந்து நீர் வந்தது என்பதனால் மட்டும் சபை இழப்பீடு வழங்கும் கடப்பாட்டுக்கு உள்ளாவதில்லை. தொல்லை என்ற அடிப்படையில் வழக்கிடுவதை மாகாணச் சட்டம் தடுக்கிறது. சபையின் கவனயீனம் நிரூபிக்கப்பட வேண்டும். வீட்டிலிருந்து காணியின் எல்லை வரையுள்ள குழாயோ உரிமையாளரின் பொறுப்பு.

சபை தருவது முற்கூட்டிய உதவி. பாக்வாட்டர் வால்வ், சம்ப் பம்ப், வடிகுழாய்த் துண்டிப்பு ஆகியவற்றின் செலவில் ஒரு பகுதியை நிலக்கீழ்த்தள வெள்ளப் பாதுகாப்பு மானியம் ஈடுசெய்கிறது. 2024 ஆம் ஆண்டுப் புயலின்போது அதன் உச்சத்தொகை ஒரு வீட்டுக்கு 3,400 டொலர். தொகையும் நிபந்தனைகளும் சபைத் தீர்மானங்களால் மாறுவதால், நடப்புத் தொகையை 311 இல் கேட்டறிய வேண்டும். விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவுபெற்ற உரிமையாளர். வேலையைச் செய்பவர் மாநகரசபையின் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். வால்வ் பொருத்துவதற்குக் கட்டட அனுமதியும் தேவை. பற்றுச்சீட்டின்றி, பணமாகக் கொடுத்தால் குறைவு என்று சொல்லும் ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தவருக்கு மானியம் கிடைக்காது.