வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பிய வேலை: சிக்கல் வந்தால் யாரைக் கேட்பது?

வெள்ளிக்கிழமை தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமில் ஒரு பையனுக்கு வேலை கிடைக்கிறது. வீட்டுக்கு போன் போட்டால் வரும் முதல் கேள்வி, "கவர்மெண்ட் மூலமாவா?" ஆமாம் என்றதும் அந்தப் பக்கம் நிம்மதி. அரசே அனுப்பி வைத்த இடம், ஏமாற்றினால் அரசு பார்த்துக்கொள்ளும் என்ற நிம்மதி அது. சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் அவ்வளவு உத்தரவாதம் அதில் இல்லை. எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று தெரிந்துகொண்டால் தப்பான கதவைத் தட்டி மாதக்கணக்கில் அலைய வேண்டியதில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945-இல் போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தரத் தொடங்கப்பட்டவை. 1956-இல் அவற்றின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. 1959-இல் வந்த காலியிட அறிவிப்புச் சட்டம், அரசுத் துறை நிறுவனங்களும் 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்களும் காலியிடத்தை இந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவிக்காவிட்டால் முதல் முறை 500 ரூபாய் வரை அபராதம் இருந்தது. இதற்குப் பயந்து எந்த முதலாளியும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதையும் அதே சட்டம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. ஆக, அலுவலகம் பெயரை அனுப்பும். வேலை கொடுப்பதும் சம்பளம் போடுவதும் வேறொருவர்.

அனுப்பிய இடம் மோசமாக இருந்தால் அலுவலகத்தின் மீது நஷ்டஈட்டு வழக்குப் போடலாமா? இங்கேதான் 1959 சட்டத்தின் 9-ஆம் பிரிவு குறுக்கே நின்றது. நல்லெண்ணத்துடன் செய்த எதற்காகவும் எவர் மீதும் வழக்கு நிற்காது என்றது அது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தக் கவசம் இருக்கிறது. 'நல்லெண்ணம்' என்றால் கவனமாகச் செய்தது என்றுதானே நினைப்போம்? 1897-ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நேர்மையாகச் செய்திருந்தால் போதும், அலட்சியமாகச் செய்திருந்தாலும் அது நல்லெண்ணம்தான் என்கிறது. கிளார்க் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல் உங்களை அனுப்பியிருக்கலாம். அதில் கள்ளத்தனம் இல்லையென்றால், அதை வைத்துக்கொண்டு காசு வாங்குவது ரொம்பக் கஷ்டம்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். இலவசமாகக் கிடைக்கும் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. பதிவும் புதுப்பித்தலும் இலவசம். அந்த வழியும் இல்லை.

கவசம் கழன்று விழும் இடமும் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு பதிவு மூப்பைத் தாண்டி ஒருவர் பெயரை அனுப்புவது, பதிவேட்டில் தேதியை மாற்றுவது, வேண்டுமென்றே ஒருவரை விட்டுவிடுவது இதெல்லாம் நல்லெண்ணத்தில் சேராது. லஞ்சம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம், அதிகாரியின் கெட்ட எண்ணத்தால் மக்களுக்கு வந்த நஷ்டத்தை அந்த அதிகாரியிடமிருந்தே வசூலிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. அது வீடு ஒதுக்கீட்டு விவகாரம்தான். ஆனாலும் நல்ல வக்கீல் அதை எடுத்துக்காட்டுவார்.

நடைமுறையில் அதிகம் வரும் புகார் வேறு: "என் சீனியாரிட்டிக்குக் கீழே இருப்பவனுக்குக் கார்டு வந்தது, எனக்கு வரவில்லை." முதலில் உங்கள் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ரினியூவல் செய்யாமல் விட்டு, பிறகு அலுவலகத்தைத் திட்டுபவர்கள் ஏராளம். பதிவு சரியாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "ஏன் என்னைக் கூப்பிடவில்லை" என்று கேட்காதீர்கள். விளக்கம் கொடுக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல, கையிலிருக்கும் ஆவணத்தைக் கொடுக்கத்தான் கடமை. இன்ன பணியிடத்துக்கு இன்ன தேதியில் அனுப்பிய பட்டியலின் நகல், ஒவ்வொரு இனச் சுழற்சிப் பிரிவிலும் கடைசியாக அழைக்கப்பட்டவரின் பதிவுத் தேதி என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

பதிலில் தவறு தெரிந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரைக் கிளை. பெரும்பாலும் கிடைப்பது பணம் இல்லை, "இவர் பெயரையும் பரிசீலியுங்கள்" என்ற உத்தரவு. பணி நியமனம் முடிந்த பிறகு போனால் அதுவும் கஷ்டம், ஆகவே தாமதிக்காதீர்கள். அலுவலகப் பட்டியலை மட்டும் வைத்து ஆள் எடுத்தார்கள், பத்திரிகையில் விளம்பரமே வரவில்லை என்றால், 1996-இல் விஸ்வேஸ்வர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உதவும்: பட்டியல் கேட்பதோடு பொது விளம்பரமும் செய்ய வேண்டும். அரசு மீது சிவில் வழக்குப் போடுவதானால் இரண்டு மாத முன்னறிவிப்பு கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லா நாட்டிலும் இப்படியா? அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநில வேலைவாய்ப்புச் சேவை மீது புலம்பெயர் பண்ணைத் தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். வெளிமாநில ஆட்களை வரவழைக்கும் முன் தங்குமிடமும் கூலியும் சரியாக இருக்க வேண்டும் என்று மத்திய விதிமுறை இருந்தது. அது காற்றில் விடப்பட்டது என்பது புகார். தொழிலாளர்கள் நஷ்டஈடு கேட்டு வழக்காடலாம் என்று 1969-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அங்கே எழுதி வைத்த கடமை ஒன்று இருந்தது. நம்மூர் அலுவலகத்துக்கு முதலாளியின் இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஆள் அனுப்ப வேண்டும் என்று அப்படி எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தால் நல்லது என்பது என் கருத்து.

அதுவரை முகாமில் நீங்களே விசாரிப்பதுதான் பாதுகாப்பு. மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் முதலில் கேளுங்கள்: "சார், சம்பளம் உங்க கம்பெனி போடுமா, கான்ட்ராக்ட்காரர் போடுவாரா?" ஃபிளெக்ஸில் பெரிய கார் கம்பெனியின் பெயர் இருக்கும், ஆர்டர் கேள்விப்படாத மேன்பவர் ஏஜென்சியிடமிருந்து வரும். சம்பளம் என்று சொன்னது கையில் வருவதா, பிஎஃப், இஎஸ்ஐ, பஸ், சாப்பாடு பிடித்தம் போவதற்கு முந்தையதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒட்டியிருக்கும் காலியிட விவரத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழைக் கொடுக்க வேண்டாம். யூனிஃபார்ம் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று யாராவது காசு கேட்டால் அங்கேயே இருக்கும் வேலைவாய்ப்பு அலுவலரிடம் சொல்லுங்கள்; முகாம் முடிந்து எல்லோரும் கிளம்பியபின் சொல்லிப் பயனில்லை.

வேலைக்குச் சேர்ந்தபின் சம்பளப் பாக்கி, விபத்து, திடீர் நீக்கம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு முதலாளிதான். புகார் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும். அனுப்பிய அலுவலகத்துக்கு ஒரு நகல் அனுப்பலாம், அடுத்த முகாமுக்கு அந்தக் கம்பெனியைக் கூப்பிடும் முன் யோசிப்பார்கள்.

மனிதவளத் துறையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசு அலுவலகம் அனுப்பிய ஆள் என்பதால் நடத்தைக்கும் திறமைக்கும் யாரும் ஜாமீன் நிற்கவில்லை. முந்தைய வேலை, குற்றப் பின்னணி பார்ப்பது உங்கள் வேலை.

வெளிநாட்டு வேலை என்று வந்தால் கணக்கு மாறுகிறது. 1978-இல் தொடங்கிய தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஆளெடுப்பு முகவர். அரசு நிறுவனம் என்றாலும் தனியார் ஏஜென்ட் போலவே உரிம நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டது. இந்தச் சட்டத்தில் கடமைகள் எழுத்தில் இருக்கின்றன: வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு; உரிமம் பெறுபவர் கட்டும் பிணைத்தொகை, தேவைப்பட்டால் தொழிலாளியைத் திருப்பி அழைத்து வரும் செலவுக்கும் பயன்படும். ஆகவே கட்டணத்துக்கு ரசீது, முதலாளியுடனான ஒப்பந்தத்தின் நகல், பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டுப் பாலிசி மூன்றும் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். ஒரு நகல் வீட்டிலும் இருக்கட்டும். அங்கே போனபின் வேறு வேலை, குறைந்த சம்பளம் என்றால் புகாரை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்கள் பதியலாம். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் வீட்டார் நேரில் கொடுக்கலாம்.