மலைச் சரிவும் மோட்டார் சைக்கிளும்
மோட்டோகிராஸ் பந்தயம் மாறி வந்த வரலாறு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாம் கண்ட காட்சியிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குவோம். மழை விட்டிருந்த நேரம். செம்மண் சாலையின் பள்ளங்களை நிரப்புவதற்காக ஓரமாகக் குவித்து வைக்கப்பட்டிருந்த மண்மேட்டின்மீது இளைஞர் மூவர் தம் 'கப்சாய்' வண்டிகளை வேகமாக ஏற்றிப் பாய்ச்சிக் கொண்டிருந்தனர். மூன்றாவது பாய்ச்சலில் ஒரு வண்டி முன்சக்கரம் குத்தி விழுந்தது. தெய்வாதீனமாக இளைஞருக்குக் காயமில்லை. ஆனால் முன் ஃபோர்க் வளைந்துவிட்டது. அது அவருடைய தகப்பனார் நாள்தோறும் வேலைக்குச் செல்லும் வண்டி.

"என்ன தம்பி இது?" என்று கேட்டோம். "கைப்பேசியில் பார்த்தோம் ஐயா. அவர்கள் முப்பது அடி உயரம் பறக்கிறார்கள். எங்களால் மூன்று அடிகூட முடியவில்லையே, ஏன்?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

கேள்வி நல்ல கேள்வி. கண்டிப்பதைக் காட்டிலும் அதற்கு விடை கூறுவதே பயன் தரும் என்று நமக்குத் தோன்றியது. ரப்பர்த் தோட்டங்களில் வாழும் வாசகர்களின் பிள்ளைகளும் இதே கேள்வியைக் கேட்கக் கூடும் அன்றோ? எனவே அந்த விடையைச் சற்று விரிவாகவே இங்குக் காண்போம்.

கரடுமுரடான நிலத்தில் மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பந்தயமிடும் வழக்கம் இங்கிலாந்தில் தோன்றியது. முதலில் இருந்தவை திறமைப் போட்டிகள். காலைத் தரையில் ஊன்றாமல் கடினமான இடங்களைக் கடப்பவருக்கே அவற்றில் புள்ளி. 1924ஆம் ஆண்டில் கேம்பர்லி என்னும் ஊரில் சிலர் அந்தப் புள்ளிக் கணக்கை நீக்கிவிட்டு, முதலில் வந்து சேர்பவரே வென்றவர் என்று ஒரு பந்தயம் நடத்தினர். முண்டியடித்துச் செல்வது என்னும் பொருளில் அதற்கு 'ஸ்கிராம்பிள்' என்று பெயரிட்டனர். நம் நாட்டுப் பட்டறைகளில் இன்றும் உயரமான மண்சாலை வண்டியை 'ஸ்கிராம்பிளர்' என்றே அழைப்பதன் வேர் அதுதான். பின்னர் பிரெஞ்சு மொழியில் மோட்டார் சைக்கிளைக் குறிக்கும் 'மோட்டோ' என்பதுடன் 'கிராஸ்' சேர்ந்து 'மோட்டோகிராஸ்' ஆயிற்று. 1947இல் ஹாலந்து நாட்டின் வாசனார் நகரில் நாடுகளுக்கிடையிலான முதற்போட்டி நடைபெற்றது, பிரிட்டன் வென்றது. 1952இல் ஐரோப்பிய வெற்றியாளர் போட்டியும், 1957இல் உலக வெற்றியாளர் போட்டியும் தொடங்கின.

அக்காலத்து ஓடுகளங்கள் எவரும் கட்டியவை அல்ல. மேய்ச்சல் நிலம், மணற்குன்று, இராணுவப் பயிற்சித் திடல் ஆகியவற்றில் கயிறு கட்டி வழி காட்டினர், அவ்வளவே. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. வண்டிகளும் சாலை வண்டிகளின் உறவினரே. பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டார் போன்ற 500 சி.சி. வண்டிகள் 140 கிலோவுக்கும் மேல் எடையுள்ளவை. நல்ல வலிமையான தோள் இருந்தால்தான் அடக்க முடியும். பின்சக்கரம் மேலும் கீழும் அசையும் அளவு ஏறத்தாழ 4 அங்குலமே. ஆகவே ஓட்டுநர் வண்டியைத் தரையோடு ஒட்டி ஓட்டினார், பறக்க விரும்பவில்லை.

முதல் பெரிய மாற்றம் இயந்திரத்தில் ஏற்பட்டது. சுவீடனின் ஹஸ்க்வர்னா, செக்கோஸ்லோவாக்கியாவின் சி.இசட். ஆகிய நிறுவனங்கள் இலேசான 'டூ ஸ்ட்ரோக்' வண்டிகளைக் கொண்டு வந்தன. புல்வெட்டும் இயந்திரத்திற்குப் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றுகிறோமே, அதே வகைதான். பாகங்கள் குறைவு, எடை குறைவு, முறுக்கியவுடன் பாய்ச்சல். ஜெஃப் ஸ்மித் 1964, 1965 ஆகிய ஈராண்டுகளிலும் பி.எஸ்.ஏ. வண்டியில் 500 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார். 1966இல் கிழக்கு ஜெர்மனியின் பால் ஃபிரீட்ரிக்ஸ் சி.இசட். வண்டியில் அதனைப் பறித்துக் கொண்டார். கனத்த வண்டிகளின் காலம் அத்துடன் முடிந்தது. 1970இல் பெல்ஜிய வீரர் ஜோயல் ரோபேர் சுஸுக்கி வண்டியில் 250 சி.சி. பட்டம் பெற்று, ஜப்பானியத் தயாரிப்புக்கு முதல் உலக வெற்றியைத் தேடித் தந்தார். ஆசியாவில் செய்த வண்டி ஐரோப்பாவின் மண்ணிலேயே ஐரோப்பிய வண்டிகளை வென்றது சிறு செய்தியன்று.

ஆயினும் அந்த இளைஞரின் கேள்விக்குரிய விடை இயந்திரத்தில் இல்லை. பட்டறையில் 'அப்சோபர்' என்று நாம் கூறும் அதிர்வு தாங்கியில் இருக்கின்றது. பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸ் என்னும் பேராசிரியர், பின்சக்கரத்தின் இருபுறமும் இருந்த இரண்டு தாங்கிகளை நீக்கி, இருக்கைக்கும் எரிபொருள் கலத்துக்கும் அடியில் ஒரே நீண்ட தாங்கியை அமைத்தார். யமாஹா நிறுவனம் அதனை ஏற்றுக் கொண்டது. 1973இல் ஹாக்கன் ஆண்டர்சன் அவ்வமைப்பைக் கொண்டு 250 சி.சி. பட்டத்தை வென்றார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே சக்கரத்தின் அசைவு வளர்ந்து வளர்ந்து, இன்று ஏறத்தாழ 12 அங்குலமாக நிற்கின்றது.

இந்த 12 அங்குலம் செய்வது என்ன? லாரியின் பின்பக்கத்திலிருந்து குதிக்கும்போது நாம் முழங்காலை மடக்கிக் குதிக்கிறோம். விறைப்பாகக் குதித்தால் முதுகு வரை வலிக்கும். வண்டிக்கு முழங்கால் அந்தத் தாங்கிதான். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் வண்டியை 10 சென்டிமீட்டர் தூரத்திற்குள் நிறுத்த வேண்டுமானால், அதன் எடையைப் போல் சராசரியாக 11 மடங்கு விசை அதனைத் தாக்கும். அதே வீழ்ச்சியை 30 சென்டிமீட்டரில் நிறுத்தினால் 4 மடங்குக்குச் சற்றே கூடுதல். வீழ்ச்சி ஒன்றே, அடி வேறு. நம் கப்சாய் வண்டி 100 கிலோவுக்கு உட்பட்டது. இன்றைய 450 சி.சி. பந்தய வண்டி ஏறத்தாழ 110 கிலோ. எடையில் பெரிய வேற்றுமை இல்லை என்பது பலருக்கும் வியப்பளிக்கும். ஆனால் கப்சாயின் அசைவு சில அங்குலங்களே. அது தீர்ந்தபின் எஞ்சிய அடி முழுவதையும் ஃபோர்க்கும் சட்டமும், அதன்பின் ஓட்டுபவரின் மணிக்கட்டும் முதுகெலும்பும் தாங்கியாக வேண்டும்.

வண்டி மாறியதும் களமும் மாறியது. 1972இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் விளையாட்டரங்கிற்குள் லாரி லாரியாக மண் கொட்டி மேடு பள்ளங்களை உருவாக்கிப் பந்தயம் நடத்தினர். 'சூப்பர்கிராஸ்' என்னும் அரங்கப் பந்தயம் அதிலிருந்து வளர்ந்தது. இயற்கையான குன்றைத் தேடிச் சென்ற விளையாட்டு, குன்றைத் தானே கட்டிக் கொள்ளத் தொடங்கிற்று. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அம்மேடுகள் வெறும் மண்குவியல்கள் அல்ல. ஏறும் முகத்திற்கு ஒரு கோணம். அதற்கு எதிரே, வண்டி வந்து இறங்கும் இடத்தில் கீழ்நோக்கிச் சாயும் ஓர் இறங்கு சரிவு. பறந்து வரும் வண்டி எத்திசையில் விழுகின்றதோ அத்திசையிலேயே தரையும் சாய்ந்திருப்பதால், அடி மோதாமல் வழுக்கிச் செல்கின்றது. தேயிலைத் தோட்டத்தில் நாம் கண்ட மண்மேட்டுக்கு அப்பால் இருந்தது கெட்டியான சமதரை. முப்பது அடி பறப்பவருக்குக் கிடைக்கும் உதவி மூன்று அடி பறந்தவருக்குக் கிடைக்கவில்லை.

பிற மாற்றங்களை விரைவாகக் கூறிவிடலாம். 1980களில் நீரால் குளிரும் இயந்திரமும் டிஸ்க் பிரேக்கும் வந்தன. புகை குறைந்த ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரம் 1998இல் யமாஹாவின் 400 சி.சி. வண்டியுடன் மீண்டும் தலையெடுத்து, சில ஆண்டுகளில் பெரும் போட்டிகளைக் கைப்பற்றியது. இப்போது மின்கலத்தால் ஓடுபவையும் களத்தில் உள்ளன. டயரை மட்டும் நாம் விரைந்து கடக்க விரும்பவில்லை; அது நம் வாசகர்களின் பொருளன்றோ! மண்பந்தய டயரில் உள்ள உயர்ந்த கட்டைகள் கல்லில் இடித்தும் கிழியாதிருக்க வேண்டும். கிழிசலைத் தாங்குவதில் மரத்திலிருந்து வடித்த இயற்கை ரப்பருக்குத் தனிச் சிறப்பு உண்டு. செயற்கை ரப்பருடன் அதனையும் கலந்தே இத்தகைய டயர்களை வார்க்கின்றனர். சேற்று நிலத்திற்குக் கட்டைகள் உயரமாகவும் இடைவெளி விட்டும் இருக்கும். கெட்டி நிலத்திற்குக் குட்டையாகவும் நெருங்கியும் இருக்கும்.

இவ்வாறு பத்தாண்டுக்கு ஒருமுறை உருமாறிய வண்டிக்குப் பக்கத்தில் கப்சாயை நிறுத்திப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அதன் மூதாதையான ஹோண்டா சூப்பர் கப் 1958இல் பிறந்தது; மோட்டோகிராஸ் உலகப் போட்டி தொடங்கிய மறு ஆண்டு. 2017க்குள் பத்துக் கோடி வண்டிகள் தயாராகிவிட்டன. அடிப்படை உருவமோ பெரிதும் மாறவில்லை. பால் வாளியையும் பள்ளிப் பிள்ளையையும் சுமந்து, குறைந்த பெட்ரோலில், பழுதின்றி ஓடுவதற்காகப் பிறந்தது அது. அப்பணியில் அதற்கு ஈடில்லை.

கேமரன் மலையின் மண்ணைப் பற்றியும் ஒரு சொல். தேயிலைச் செடி நெருங்கிப் படர்ந்து சரிவைப் பிடித்து வைத்திருக்கின்றது. செடிகளுக்கு இடையே உள்ள ஒற்றையடிப் பாதையில் கட்டை டயர் பதித்த தடம், அடுத்த மழையில் ஓடையாகின்றது. ரப்பர்த் தோட்டத்தில் மூடுபயிர் வளர்ப்பதும் வண்டல் குழி வெட்டுவதும் எதற்கு என்று அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மலையில் நிலம் திறந்துவிடப்பட்டதால் அடித்து வரப்பட்ட மண், ரிங்லெட் நீர்த்தேக்கத்தை நிரப்பி வருவதையும், அதனைத் தோண்டி அகற்றும் வேலை ஓயாமல் நடப்பதையும் அவ்வழியே செல்வோர் காணலாம்.

தேயிலை மலையில் முறையாக நடைபெறும் பந்தயத்தைக் காண இலங்கைக்குத்தான் செல்ல வேண்டும். ஊவா மாகாணத்தில், ஹப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அருகே தியத்தலாவை என்னும் இராணுவ நகர் உள்ளது. அங்கு 1993 முதல் ஃபாக்ஸ் ஹில் என்னும் பந்தயத்தில் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் மண்பாதையில் ஓடி வந்தன. ஐந்தாண்டு இடைவெளிக்குப்பின் 2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை, அப்பந்தயம் மீண்டும் நடந்தபோது, ஒரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்திற்குள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் மாண்டனர். ஓட்டியவர் பயிற்சி பெற்றவர். களம் அறிந்த களம். கொடி காட்டுவோரும் இருந்தனர். நாம் தேயிலைத் தோட்டத்தில் நின்ற அன்றோ, மண்மேட்டிலிருந்து பத்தடி தூரத்தில் சிறுவர் நால்வர் கைதட்டிக் கொண்டிருந்தனர்.

பந்தய வீரர் உடுத்தும் முழுமுகத் தலைக்கவசம், மார்புக் கவசம், கழுத்துப் பட்டை, முழங்கால் வரையிலான காலணி ஆகியவையும் எளிதில் வந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் முறிந்த எலும்புகள் உண்டு. நம் நாட்டில் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசம் 1973இல் சட்டமாயிற்று. உரிமம் பெறும் குறைந்த வயது 16. ஆயினும் தோட்டச் சாலையில் தலைக்கவசம் வீட்டு ஆணியிலேயே தொங்குகின்றது. மலேசியச் சாலைகளில் மாள்வோருள் ஐவரில் மூவருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை இங்கு நினைவூட்டுகிறோம்.

விளையாட்டில் உண்மையான நாட்டமுள்ள பிள்ளைக்கு வழி இல்லாமல் இல்லை. கேரளத்தைச் சேர்ந்த ஹரித் நோவா சூப்பர்கிராஸ் களத்தில் பயின்று, 2024 ஜனவரியில் சவூதி அரேபியாவில் நடந்த டக்கார் நெடும்பந்தயத்தின் 'ராலி 2' பிரிவில் முதலிடம் பெற்றார். அவர் ஓட்டியது தமிழகத்தின் ஓசூரில் இயங்கும் டி.வி.எஸ். நிறுவனத்தின் பந்தய அணிக்காக.

இவற்றையெல்லாம் அந்த இளைஞரிடம் தரையில் குச்சியால் படம் வரைந்து விளக்கினோம். இறங்கு சரிவின் படத்தை அவர் நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு மூவருமாக வண்டியைத் தள்ளிக் கொண்டு லயத்துக்குச் சென்றனர். மறுநாள் காலை தோட்டத்தார் அம்மண்ணை வாரிச் சாலைப் பள்ளங்களில் கொட்டி நிரவினர். ஃபோர்க் மாற்றப்படும் வரை நான்கு நாள், அவருடைய தகப்பனார் வேலைக்கு நடந்தே சென்றார்.